ஒரே பையன் எத்தனை பந்து போடுவான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் மகன் ஆடும் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அணிக்கு இந்த சீசனில் துணைப் பயிற்சியாளர். எல்லாரும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்கள். எங்களிடம் இருந்தது மூன்று பிட்சர்கள், அதாவது பந்து போடுகிறவர்கள். ஒருவன் சைக்கிளில் இருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். இன்னொருவனுக்கு முழங்கை வலி. ஆறு வாரம் பந்தையே தொடக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். மிச்சம் இருக்கும் ஒருவன் நன்றாகப் போடுகிறான். "அவனையே முழுசாகப் போடச் சொல்லுங்கள்" என்கிறார்கள் பெற்றோர்கள். தலைமைப் பயிற்சியாளரும் அந்தப் பக்கம்தான். நீங்கள் அவ்வப்போது பேஸ்பால் பற்றி எழுதுவதால் கேட்கிறேன். ஒரே இடத்தில் அடிமேல் அடி விழுந்தால் ஓர் அணி என்னதான் செய்வது?

ர.

அன்புள்ள ர.,

போன இரண்டு பிட்சர்களுக்குப் பதில் இன்னொரு பிட்சரைத் தேடாதீர்கள். இருப்பவன் தலையிலும் எல்லாவற்றையும் கட்டாதீர்கள். அந்த வேலையைக் கூறு போடுங்கள்.

இதை நான் 2024-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியிடம் பார்த்தேன். பெரிய அணிகளில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர்கள் ஐந்து பேர் இருப்பார்கள். ஒருவர் போட்டால் அடுத்த முறை வருவதற்குள் மற்ற நால்வரும் ஒரு சுற்று முடித்துவிடுவார்கள். அந்த ஆண்டு டாட்ஜர்ஸில் கிளாஸ்னோவுக்கு முழங்கை, ஸ்டோனுக்குத் தோள், நட்சத்திர பிட்சர் கெர்ஷாவுக்குக் கால் பெருவிரல் என்று காயம். கொன்சோலின், ஷீஹன், ரிவர் ரயன் மூவரும் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போனவர்கள். ஏற்கனவே காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த டஸ்டின் மேக்கு, சாப்பிடும்போது உணவுக்குழாய் கிழிந்துபோனது. பந்தும் போட்டு மட்டையும் பிடிக்கும் ஓதானியும் முழங்கை அறுவைக்குப் பிறகு அந்த வருஷம் மட்டை மட்டும்தான் பிடித்தார். ஜூலையில் டெட்ராய்ட்டிலிருந்து ஃப்ளாஹர்ட்டியை வாங்கினார்கள். அப்படியும் கோப்பைக்கான அக்டோபர் தொடர்களுக்கு வந்து சேர்ந்தது அவர், யமமோட்டோ, பியூலர் என்று மூன்றே பேர்.

சான் டியேகோவுடன் நடந்த தொடரில் 2-1 என்று பின்தங்கியிருந்தார்கள். நான்காவது ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்றைக்குத் தொடக்க பிட்சர் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அந்த நாற்காலிக்கு ஒருவரைப் பிடித்து உட்காரவைக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸை (எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸ் முடிந்தது) எட்டுப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். பிரேசியர் தொடங்கினார், நாக் முடித்தார். 8-0 என்று ஜெயித்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவரிடமும் 'நீ இன்று கெர்ஷாவாக ஆகு' என்று யாரும் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த நாலைந்து பேரை மட்டும் அவுட் ஆக்கிவிட்டுப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த அணிதான் அதே மாதக் கடைசியில் கோப்பையை வாங்கியது.

இதற்கு முன்னோடி டேம்பா பே ரேஸ் என்ற அணி. 2018-ல் அவர்களிடமும் நல்ல கைகள் பல அறுவைச் சிகிச்சை மேஜையில் இருந்தன. மே 19 அன்று, வழக்கமாக ஆட்டத்தின் கடைசியில் வரும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு அனுப்பினார்கள். மறுநாளும் அவரையே அனுப்பினார்கள். பலர் இதை ஆட்டத்துக்கே அவமரியாதை என்றார்கள். பெரிய பணம் இல்லாத அந்த அணி அந்த வருஷம் 90 ஆட்டங்கள் ஜெயித்தது.

இப்போது உங்கள் பையன்களுக்கு வருவோம். லிட்டில் லீக் விதிப்படி இந்த வயதுக்காரன் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் போடக்கூடாது. 66-ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள் கட்டாய ஓய்வு. ஆனால் 20 பந்து வரை என்றால் கட்டாய ஓய்வே கிடையாது. இந்தக் கடைசி வரியைத்தான் உங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்வேன். உங்கள் ஆட்டம் ஆறு இன்னிங்ஸ். உங்களிடம் இருப்பவன் இரண்டு இன்னிங்ஸ் போடட்டும். மீதி நான்கை நான்கு பையன்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளட்டும். ஷார்ட்ஸ்டாப்பிலும் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே) மூன்றாம் பேஸிலும் நிற்கிறவர்களைப் பாருங்கள். அங்கிருந்து முதல் பேஸுக்கு நேராக எறியத் தெரிந்தவனுக்கு ஓர் இன்னிங்ஸ் போடவும் வரும். வளைவுப் பந்தெல்லாம் வேண்டாம். எதிரே உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையைப் பார்த்து நேராகப் போடட்டும், அடித்தால் பின்னால் ஏழு பேர் இருக்கிறார்கள். முதல் இரண்டு ஆட்டம் வாக் (நாலு பந்து தவறாகப் போனால் அடிப்பவனுக்கு முதல் பேஸ் இலவசம்) நிறையப் போகும், தோற்கவும் கூடும். பரவாயில்லை.

இன்னும் ஒன்று. நன்றாக எறிகிறவனைப் பிட்ச் முடிந்ததும் கேட்சராக நிறுத்துவது பல அணிகளில் வழக்கம். 40 பந்துக்கு மேல் போட்டவன் அன்று கேட்சராக நிற்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. அதற்குக் குறைவாகப் போட்டவனையும் நிறுத்தாதீர்கள். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான், கைக்கு ஓய்வு எங்கே? அப்புறம், அவன் வார இறுதியில் வேறு அணிக்கும் ஆடுகிறானா என்று வீட்டில் கேளுங்கள். அங்கே போட்ட பந்தும் இதே கைதான் போட்டது.

சில வருஷங்களுக்கு முன் கலிஃபோர்னியாவில் ஒரு பூங்காவில் பையன்கள் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிட்சர் பையன் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் வலது முழங்கையின் உள்பக்கத்தை அழுத்தினான். அழுத்திவிட்டு அடுத்த பந்துக்குத் தயாரானான். பெஞ்சிலிருந்து "இன்னும் ரெண்டே பேர்" என்று கத்தினார்கள். யாரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. நானும் எழுந்து போய்ச் சொல்லவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

அந்த வயதில் முழங்கையின் உள்பக்கத்து எலும்பு இன்னும் முழுசாகக் கெட்டியாகவில்லை. வளர்கிற இடம் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப எறியும்போது அந்த இடம்தான் இழுபடுகிறது. பெரியவர்களுக்குத் தசைநார் கிழிந்தால் வேறு இடத்துத் தசைநாணை எடுத்துவைத்துத் தைக்கிறார்கள். 1974-ல் டாமி ஜான் என்ற டாட்ஜர்ஸ் பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது. ஜான் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். 'வலித்தால் என்ன, சரிபண்ணிக்கொள்ளலாம்' என்று சிலர் பேசுவதற்கு அந்தக் கதைதான் காரணம். இரண்டு முறை அந்த அறுவையைச் செய்துகொண்ட பியூலர், நான் சொன்ன அந்த 2024 இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டத்தைத் தொடங்கிவைத்து, ஒரே நாள் இடைவெளியில் ஐந்தாம் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸையும் போட்டார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அவர் முப்பது வயது மனிதர், தன் கையைத் தானே தெரிந்து கொடுத்தார். உங்கள் பையனுக்கு அப்படிக் கொடுக்கத் தெரியாது. கேட்டால் 'வலிக்கவில்லை' என்றுதான் சொல்வான்.

அதனால் கேட்காதீர்கள், எண்ணுங்கள். முழங்கை வலிப் பையனைப் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, பந்து எண்ணும் கருவியை அவன் கையில் கொடுங்கள். அணியைவிட்டு விலகிய மாதிரி அவனுக்கும் இருக்காது.

அடுத்த ஆட்டம் எப்படிப் போனது என்று எழுதுங்கள். யார் யார் புதிதாகப் போட்டார்கள் என்றும்.

அன்புடன்.