யாருக்கு எந்தக் கணினியில் நுழைவு: விண்டோஸ் சர்வர் கேள்வி பதில்

கேள்வி: ஊழியர்கள் அனைவரும் தத்தம் கணினியில் லாகின் செய்ய முடிகிறது. டொமைன் கண்ட்ரோலரில் (அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கும் மைய சர்வரில்) மட்டும் மறுக்கப்படுகிறது. அனுமதியை எங்கே கொடுப்பது, ஐயா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். சாதாரணப் பயனர் அங்கே உட்கார்ந்து லாகின் செய்யக் கூடாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் அதை அமைத்திருக்கிறது. டொமைன் கணக்குகள் அனைத்தின் கடவுச்சொல் விவரமும் அந்த இயந்திரத்தில் இருக்கிறது. கோப்புதான் தேவை என்றால் ஷேர் ஃபோல்டர் போதும். மென்பொருள் ஓட வேண்டும் என்றால் அதற்குத் தனி சர்வர் வையுங்கள்.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும் உரிமையை உதவிக் குழுவுக்குப் புதிய குரூப் பாலிசி (பல கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விதிக்கும் அமைப்பு) மூலம் கொடுத்தேன். இப்போது அட்மினிஸ்ட்ரேட்டர்களே நுழைய முடியவில்லை.

பதில்: பலரும் தடுக்கி விழும் இடம் இது. லாகின் உரிமைப் பட்டியல்கள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. கடைசியாக வரும் பாலிசி முந்தைய பட்டியலை முழுவதுமாக அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதும். முதலில் லோக்கல், அடுத்து சைட், பிறகு டொமைன், இறுதியில் ஓயூ (டொமைனுக்குள் கணக்குகளையும் கணினிகளையும் பிரித்து வைக்கும் பிரிவு) என்பது வரிசை. ஆகவே புதிய பட்டியலில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவையும் சேர்த்து எழுதுங்கள். உதவிக் குழுவை அந்தந்த சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவிலும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அனுமதியும் தடையும் மோதினால் தடையே வெல்லும். தடைப் பட்டியலில் டொமைன் யூசர்ஸ் குழுவைப் போட்டால் உங்கள் அட்மின் கணக்கும் வெளியே நிற்கும். அதுவும் அந்தக் குழுவின் உறுப்பினர்தான். எதையும் மாற்றுமுன் ஜிபிரிசல்ட் (gpresult) கட்டளையின் அறிக்கையை எடுத்து, எந்த பாலிசி வென்றிருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் மேலும் ஒரு பாலிசியை ஏற்றுவது சிக்கலைத்தான் கூட்டும்.

கேள்வி: ஒருவரைக் குழுவில் சேர்த்து, ஜிபிஅப்டேட்டும் (பாலிசியை உடனே புதுப்பிக்கும் gpupdate கட்டளை) கொடுத்தேன். பலன் இல்லை.

பதில்: அவர் லாக் ஆஃப் செய்து மீண்டும் வரட்டும். குழு விவரம் லாகின் நேரத்தில்தான் அவருடைய டோக்கனில் (அவர் யார், எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பதிவில்) பதிகிறது. பாலிசி மாற்றங்களோ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதல் இடைவெளியுடன், தாமாகவே வந்து சேரும். டொமைன் கண்ட்ரோலர்களுக்கு 5 நிமிடம்.

கேள்வி: ஒரு பாலிசி கணக்குப் பிரிவுக்கு மட்டும் போக வேண்டும் என்று அதன் அனுமதிப் பட்டியலிலிருந்து ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸை (லாகின் ஆன பயனர், கணினிக் கணக்குகள் எல்லாம் அடங்கிய குழுவை) நீக்கினேன். யாருக்குமே போகவில்லை.

பதில்: 2016 ஜூன் மாதப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பயனருக்கான பாலிசியையும் கணினியின் கணக்கே படித்து வருகிறது. அந்தக் கணக்குக்குப் படிக்கும் அனுமதி இல்லையென்றால் பாலிசி வராது. அந்த பாலிசியின் டெலிகேஷன் பக்கத்தில் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்கு ரீட் அனுமதி மட்டும் கொடுங்கள், அப்ளை வேண்டாம்.

கேள்வி: ஒரு துறைக்கு மட்டும் கடினமான கடவுச்சொல் விதி வைக்கலாமா? ஓயூவில் வைத்தேன், நடக்கவில்லை.

பதில்: டொமைன் கணக்குகளுக்கு ஓயூவில் வைக்கும் கடவுச்சொல் விதி செல்லாது. விண்டோஸ் சர்வர் 2008 முதல் ஃபைன் கிரெய்ன்ட் பாஸ்வேர்ட் பாலிசி (குழுவுக்குக் குழு வேறு கடவுச்சொல் விதி வைக்கும் வசதி) இருக்கிறது. அதைத் துறையின் குழுவுக்குக் கொடுங்கள்.

கேள்வி: மாலை ஆறுக்கு மேல் லாகின் கூடாது என்று லாகான் அவர்ஸில் அமைத்தேன். ஏழு மணிக்கும் வேலை செய்கிறார்கள்.

பதில்: அது புதிதாக நுழைவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் செஷனை மூடாது. ஃபைல் சர்வர் இணைப்பை மட்டும் நேரம் முடிந்ததும் துண்டிக்க குரூப் பாலிசியின் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் வழி இருக்கிறது.