மச்சுப்படிக்கு டைல்ஸா, கிரானைட்டா?

உங்கள் பாளையங்கோட்டை வீட்டு மச்சுப்படியில் பதித்த டைல்ஸ் இரண்டே ஆண்டில் ஓரம் உடைந்துவிட்டது, இனி என்ன போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். படிக்கு மீண்டும் டைல்ஸ் வேண்டாம். மிதிக்கும் பரப்புக்கு 18 மி.மீ. கிரானைட்டை ஒரே துண்டாகப் பதித்து, முன்விளிம்பை உருட்டிவிடச் சொல்லுங்கள். வீட்டின் நடைவழிக்கு விட்ரிஃபைடு டைல்ஸே (மிகுந்த சூட்டில் இறுகச் சுட்ட டைல்ஸ்) போதும்.

படியின் ஓரம் உடைந்ததற்குப் பெரும்பாலும் டைல்ஸின் தரம் காரணமன்று. கலவையை நடுவில் மட்டும் வைத்து ஒட்டியிருந்தால் விளிம்புக்கு அடியில் வெற்றிடம் தங்கிவிடும். இறங்கும்போது எடை விழுவதோ அங்கேதான். உடையாத படிகளின் விளிம்பை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டியதுபோல் ஓசை வந்தால் அடியில் வெற்றிடம் இருக்கிறது, கொத்தனார் அவசரப்பட்டிருக்கலாம். கிரானைட்டுக்கும் கலவையை முழுப்பரப்பிலும் நிரப்பாவிட்டால் இதே கதைதான்.

ஒன்று மட்டும்: மெருகேற்றிய கிரானைட் ஈரத்தில் வழுக்கும் என்பதால், வீட்டில் முதியவர்கள் இருந்தால் விளிம்பையொட்டி இரண்டு மூன்று கோடுகள் அறுத்து வாங்குங்கள். பழைய டைல்ஸின்மேலேயே பதித்தால் முதற்படியின் உயரமும் கடைசிப்படியின் உயரமும் மாறிக் கால் இடறும், பெயர்த்துவிட்டே போடுங்கள்.