சத்தமில்லாமல் ஜெபிப்பது விசுவாசக் குறைவா?

ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் குரலெடுத்து ஜெபிக்கும்போது தனக்கு வாய் திறக்க வரவில்லை, அதனால் "ஆவியில் அனல் இல்லை" என்கிறார்கள் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இல்லை சகோதரி, அது குறைவே இல்லை. வேதாகமத்தில் முதலாம் சாமுவேல் முதல் அதிகாரத்தை எடுத்து அன்னாளைப் பற்றி வாசியுங்கள்.

எப்பிராயீம் மலைநாட்டிலிருந்து வருஷந்தோறும் கர்த்தருடைய ஆலயம் இருந்த சீலோவுக்குப் பலியிடப் போகும் குடும்பம். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பிள்ளை பெற்ற பெனின்னாள், பிள்ளையில்லாத அன்னாளைக் குத்திப் பேசியே அழவைப்பாள். அன்னாள் சாப்பிடாமல் இருப்பாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று கணவன் பிரியமாகத்தான் கேட்கிறான். அதற்கு அவள் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. எழுந்து சந்நிதிக்குப் போகிறாள்.

அங்கே உதடு மட்டும் அசைகிறது. கதவுநிலையருகே உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். அதே சீலோவில் பலியின் இறைச்சியை அடித்துப் பிடுங்கியவர்கள் அவர் பெற்ற மக்கள்! அன்னாள் தலைகுனிந்து போய்விடவில்லை. நான் குடிக்கவில்லை, கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்று நேராகச் சொல்கிறாள். மௌனமாக ஜெபித்தவள் கோழை அல்ல.

ஆனாலும் என்ன கேட்டாள் என்பதை ஏலியிடம் சொல்லவில்லை. அவரும் துருவவில்லை, சமாதானத்தோடே போ என்று ஆசீர்வதித்து அனுப்புகிறார். ஜெபக்குறிப்பை எல்லார் முன்னும் விவரமாகச் சொல் என்று வற்புறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆண் பிள்ளை தந்தால் அவனைக் கர்த்தருக்கே கொடுப்பேன் என்ற அந்தப் பொருத்தனை அவளுக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருந்தது. அவள் போய்ச் சாப்பிட்டாள், அதன்பின் முகத்தில் துக்கம் இல்லை. அவள் கேட்ட பிள்ளையான சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை.

உதடு அசைய வேண்டும், குரல் வெளியே கேட்கக் கூடாது என்ற ஜெபமுறையை யூத ரபிமார்கள் (வேத போதகர்கள்) தங்கள் போதனைத் தொகுப்பான தல்மூதில் இவளிடமிருந்தே எடுத்தார்கள். யூதப் புத்தாண்டின் முதல் நாளில் இன்றும் ஜெப ஆலயங்களில் இவள் கதை வாசிக்கப்படுகிறது.

சத்தமாக ஜெபிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. செங்கடலைக் கடந்ததும் மோசேயின் சகோதரி மிரியாம் தம்புரு எடுத்துப் பாடினாள். அன்னாளும் பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் விட்டபின் 2-ஆம் அதிகாரத்தில் துதித்துப் பாடுகிறாள். இயேசுவின் தாய் மரியாள் லூக்கா முதல் அதிகாரத்தில் பாடும் பாட்டில் அதன் சாயல் நன்றாகவே தெரியும்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது, "நான் மனதுக்குள் ஜெபிக்கிறேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். யாராவது காரணம் கேட்டால் இந்த அதிகாரத்தை வாசிக்கக் கொடுங்கள்.