தொழிலதிபர் என்றால் என்ன தொழில்?

கேள்வி: எங்கள் எம்.பி.யின் தேர்தல் பிரசுரத்தில் 'பிரபல தொழிலதிபர், சமூக சேவையாளர்' என்று போட்டிருக்கிறது. என்ன தொழில் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. காலி வீதி முழுக்க ஒட்டிய போஸ்டருக்கும், எங்கள் வாசிகசாலைக்குத் தந்த நான்கு மின்விசிறிக்கும் யார் காசு? உங்களைப் போன்ற பத்திரிகைக்காரர் ஏன் கேட்பதில்லை?
(வாசகர் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: கடிதத்தோடு பிரசுரத்தையும் வைத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பிறந்த ஊர் இருக்கிறது, படித்த பள்ளிக்கூடம் இருக்கிறது, கிரிக்கெட் அணிக்கு உபதலைவராக இருந்ததுகூட இருக்கிறது, அப்புறம் ஒரே தாவலில் 'தொழிலதிபர்'. நடுவில் இருபது வருடத்தைக் காணோம். கடையில் வேலை கேட்டு வருகிற பொடியன் இப்படி ஒரு சுயவிபரத்தை நீட்டினால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். கட்சிப் பட்டியலில் பிடித்த ஆளைக் குறிக்கிற விருப்பு வாக்கை இவருக்குப் போட்டுவிட்டு இப்போது எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

எங்கள் மீதான குத்தை வாங்கிக்கொள்கிறேன். அரைப்பக்க விளம்பரம் தருகிறவரிடம் கேள்வி கேட்க எங்கள் ஆட்களுக்கு நாக்கு எழும்பாது, அது உண்மை. ஆனால் கேட்டால் பலன் இருக்கிறது. அசோக ரன்வல 2024 நவம்பர் 21இல் சபாநாயகரானார். பெயருக்கு முன்னால் இருந்த 'கலாநிதி' (டாக்டர்) பட்டத்துக்குச் சான்று எங்கே என்று நாலு பேர் கேட்டதில், டிசம்பர் 13இல் பதவியை விட்டார். மூன்று வாரம்தான். உங்கள் ஆளின் கம்பனி எது என்று அவரிடமே கேளுங்கள். பெயர் கிடைத்தால் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் கம்பனிப் பதிவாளர் திணைக்களம் இருக்கிறது, பணிப்பாளர்கள் யார் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம்.

சரி, காசுக்கு வருவோம். விருப்பு வாக்கு முறையில் ஒரு வேட்பாளர் எதிர்க்கட்சியோடு மட்டுமல்ல, தன் கட்சிப் பட்டியலில் இருக்கிறவர்களோடும் முட்ட வேண்டும், அதுவும் கொழும்பு மாவட்டம் முழுவதிலும். அவிசாவளையிலும் போஸ்டர், மட்டக்குளியிலும் போஸ்டர். எம்.பி.யின் மாதக் கொடுப்பனவு 54,285 ரூபாய் என்கிறார்கள். ஐந்து வருடம் அதை ஒரு சதம் செலவழிக்காமல் சேர்த்தாலும் 33 இலட்சம் வராது. அப்படியானால் வேறு யாரோ போடுகிறார்கள், போட்டவர் சும்மா போடமாட்டார்.

யார் என்பது நமக்கு எப்படித் தெரியவந்தது என்று பாருங்கள். மத்திய வங்கிப் பிணைமுறி, அதாவது அரசாங்கக் கடன் பத்திர விவகாரத்தில் சிக்கிய தொழிலதிபர் அர்ஜுன் அலோசியஸின் கொடுக்கல் வாங்கல்களைத் துருவப்போய்த்தான், அவரோடு தொடர்புள்ள நிறுவனமொன்றிடமிருந்து 2015 தேர்தலுக்காகப் பத்து இலட்சம் ரூபாய்க் காசோலை வாங்கியதாக அரசியல்வாதி தயாசிறி ஜயசேகர 2018இல் ஒப்புக்கொண்டார். அந்த விசாரணை நடந்திராவிட்டால் அந்தக் காசோலையைப் பற்றி நமக்கென்ன தெரிந்திருக்கும்?

இப்போது 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் இருக்கிறது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வாங்கிய நன்கொடையையும் செய்த செலவையும் வேட்பாளர் கணக்குக் காட்ட வேண்டும், யாரென்று தெரியாதவரிடம் காசு வாங்கவே கூடாது. அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கலாம். உங்களைப் போல எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள்? சொத்து விபரங்களையும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு தன் இணையத்தளத்தில் போடுகிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். நன்கொடைப் பட்டியலில் 'நண்பர்கள், நலன்விரும்பிகள்' என்ற மாதிரி ஏதாவது இருந்தால் பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள், விளம்பரம் போனாலும் பரவாயில்லை, போடுகிறேன்.

மின்விசிறி விஷயம். போன வாரம் உங்கள் வாசிகசாலைப் பக்கம் வந்தேன். நான்கிலும், இறக்கைக்கு ஒன்றாக, எம்.பி.யின் பெயரைச் சிவப்புப் பெயின்ற்றில் எழுதி 'அன்பளிப்பு' என்று போட்டிருக்கிறார்கள். வாங்கிய பில்லில் யார் பெயர் என்று நூலகரிடம் கேட்டேன். "பில் எங்களிடம் தரவில்லை, ஐயா" என்றார்.