யூத ஜெப ஆலயங்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள புதிய யூத ஜெப ஆலயத்தின் சுவர் முறுக்கிவிட்டதுபோல் இருக்கிறதே, ஏன்?

பதில்: ஜெபிக்கும் திசைக்காக. ஐரோப்பிய யூதர்கள் ஜெருசலேமை நினைத்துக் கிழக்கு நோக்கி ஜெபிப்பார்கள். தோரா எனும் யூத மறைநூலின் சுருள்களை வைக்கும் பேழையும் கிழக்குச் சுவரில்தான் இருக்கும். இந்த மனையோ குறுகலானது, கிழக்குக்கு நேராக அமையாதது. அதனால் சுவரின் அடிக் கல்வரிசையை மனையின் ஓரத்துக்கு இணையாக வைத்து, மேலே போகப்போக ஒவ்வொரு வரிசையையும் சற்றே திருப்பினார்கள். மொத்தம் 34 வரிசைகள். உச்சி வரிசை கிழக்கைப் பார்க்கிறது.

உள்ளே போனால் இன்னொரு வியப்பு. கனத்த சுவருக்குள் உலோக வலைத்திரை கூடாரம்போல் தொங்குகிறது. ஜெபிக்கும் இடம் அதற்குள்தான். சுவர் குறிப்பது, சாலமோன் மன்னன் ஜெருசலேமில் கட்டிய ஆலயத்தின் நிலைபேறு. திரை குறிப்பது, அதற்கு முன் பாலைவனத்தில் மக்கள் சுமந்து திரிந்த வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரம். பழைய ஜெப ஆலயம் 1938 நவம்பர் 9 இரவில் நாஜிகளால் எரிக்கப்பட்ட ஊர் இது. புதியது திறக்கப்பட்டது 2001-இல், அதே நவம்பர் 9 அன்று. தீயிலிருந்து தப்பிய பழைய தாவீதின் நட்சத்திரம் இப்போது வாசலுக்கு மேலே இருக்கிறது. நவீன ஜெப ஆலயங்களில் மரபை இவ்வளவு ஆழமாகச் சொன்னவை மிகச் சில.

கேள்வி: கோபுரம், குவிமாடம் கட்டாயமா?

பதில்: இல்லை. வெளியே இன்ன வடிவம்தான் என்ற விதி கிடையாது. ஜெபிக்கும் இடத்தில் ஜன்னல் வேண்டும் என்கிறது தல்மூத் எனும் பழைய யூதச் சட்ட நூல். 12 ஜன்னல்கள் நல்லது என்கிறது பிற்காலச் சட்டத் தொகுப்பு. மற்றபடி உள்ளே வேண்டியவை பேழை, அதன் முன் அணையாவிளக்கு, தோரா வாசிக்கும் மேடை.

கேள்வி: அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய கண்ணாடி ஜெப ஆலயம் மழையில் ஒழுகுமாமே?

பதில்: உண்மைதான். பென்சில்வேனியாவில் 1959-இல் திறக்கப்பட்ட பெத் ஷாலோம் அது. மோசே கட்டளைகளைப் பெற்ற சீனாய் மலையை ஒளியால் கட்டிக் காட்டும் முயற்சி. சாய்வான ஒளிபுகு தகடுகளே அங்கே சுவரும் கூரையும். இப்படிக் கட்டினால் இணைப்புகள் ஏராளம். வெயிலிலும் குளிரிலும் உலோகமும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, அடைப்புப் பசை விட்டுப்போகும்.

கேள்வி: புதிதாகக் கட்டுவோர் எதில் தவறுகிறார்கள்?

பதில்: ஒலியில். மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் சனிக்கிழமை ஓய்வுநாளில் மைக் பயன்படுத்துவதில்லை. வெறும் கான்கிரீட்டும் கண்ணாடியுமான கூடத்தில் குரல் எதிரொலித்துச் சொற்கள் கலங்கிவிடும். மரப்பலகை, துணி, சமமற்ற சுவர்ப்பரப்பு ஆகியவற்றை வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். அடுத்தது பண்டிகைக் கூட்டம். பாவ மன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று வருபவர்கள் மற்ற நாள்களைவிடப் பல மடங்கு. கட்டடக் கலைஞர் எரிக் மெண்டல்சோன் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்ததுபோல், ஜெபக்கூடத்தையும் பக்கத்து மண்டபத்தையும் நகர்த்தும் தடுப்பால் பிரித்துவைத்தால் தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். இரண்டின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பேழை கடைசி வரிசைக்கும் நேராகத் தெரிய வேண்டும்.