பழைய கிரெடிட்டை நம்பி 85,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: மன்னார்குடியில் வசிக்கிறேன், வயது 35. 2009-ல் கும்பகோணத்தில் பி.காம் சேர்ந்தேன். நான்கு செமஸ்டர் எழுதிய நிலையில் கல்யாணமாகி, படிப்பு நின்றுவிட்டது. ஒரு பேப்பர் அரியர். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன்; சம்பளம் 11,000 ரூபாய். டிகிரி இருந்தால் 16,000 தருவார்களாம். 'பழைய கிரெடிட்டை மாற்றி ஒரே வருடத்தில் டிகிரி, 85,000 ரூபாய்' என்கிறது ஒரு கல்வி மையம். ஒன்றரை லட்சம் எஃப்.டி., ஆறு பவுன் நகை இருக்கிறது. கணவருக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. மகன் எட்டாம் வகுப்பு. நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. உங்கள் பழைய பேப்பர்களை, அதாவது அவற்றில் பாஸாகிப் பெற்ற கிரெடிட்டை, ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்வது நீங்கள் புதிதாகச் சேரும் பல்கலைக்கழகம்தான். இடையில் இருக்கும் எந்த மையத்துக்கும் அந்த அதிகாரம் கிடையாது. 'கிரெடிட் வங்கியில் ஏற்றித் தருகிறோம்' என்று சொன்னால் அதையும் நம்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) கல்வி கிரெடிட் வங்கி, அதாவது மாணவர்கள் பெற்ற கிரெடிட்டைப் பதிந்து வைக்கும் இணையக் கணக்கு, 2021-ல் வந்தது. 2021-22 கல்வியாண்டிலிருந்து படித்த பேப்பர்களைத்தான் அதன் வழியே மாற்ற முடியும். நீங்கள் எழுதியது அதற்கும் பத்து வருடம் முன்னால்.

ஆகவே உங்களுக்கு இருப்பது பழைய வழி: மதிப்பெண் பட்டியலையும் அன்றைய பாடத்திட்டத்தையும் வைத்து, பேப்பர் பேப்பராக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி விண்ணப்பிப்பது. இதில் எவ்வளவு தேறும் என்பதில் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தமிழ், ஆங்கிலம், பொருளியல், அடிப்படைக் கணக்கியல் போன்றவற்றுக்கு வாய்ப்பு உண்டு. கம்பெனிச் சட்டமும் மறைமுக வரியும் நீங்கள் படித்திருந்தால் அவை சிரமம். நீங்கள் படித்த காலத்தில் இருந்தது 1956-ம் வருடச் சட்டம். பிறகு 2013-ல் புதுச் சட்டம் வந்தது. விற்பனை வரி போய், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பாடமே மாறிவிட்ட பேப்பரை எந்தப் பாடக்குழுவும் எளிதில் ஏற்காது. அரியர் பேப்பருக்குக் கிரெடிட்டே இல்லை. அதை இப்போது பணம் கட்டி எழுதுவதற்கு முன், பாஸானால் கணக்கில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.

பழைய கல்லூரியில் வாங்க வேண்டியவை: நான்கு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், டி.சி., முத்திரையிட்ட பாடத்திட்டப் பிரதி. வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். பாக்கிக் கட்டணம் இருந்தால் டி.சி.யை நிறுத்தி வைப்பார்கள். முதலில் அதை விசாரியுங்கள். மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால் நகல் தரக் காவல்துறையின் சான்று கேட்கக்கூடும்.

பெண்களுக்கு அதிகம் இடிப்பது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்றிருக்கும். வேலையை விடாமல் படிக்க உங்களுக்கு ஏற்றது தொலைதூரப் படிப்பு. இப்போது அதற்கும் கிரெடிட் வங்கி எண், யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு தரும் டி.இ.பி. எண் இரண்டும் கேட்கிறார்கள். அந்த எண்ணில் ஆதார் பெயர்தான் விழும்; சான்றிதழோடு பொருந்தாவிட்டால் சேர்க்கை தொங்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்படி திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பணக் கணக்கு. சம்பள வித்தியாசம் மாதம் 5,000. கிரெடிட் ஏற்கப்பட்டு ஒரு வருடம் மிச்சமானால் உங்களுக்கு லாபம் 60,000 ரூபாய். அதற்கு 85,000 கேட்கிறது அந்த மையம்! இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பி.காம் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். இன்னொரு பக்கம், ஒப்பீட்டு முடிவுக்காகக் காத்திருந்து ஒரு சேர்க்கையைத் தவறவிட்டால் ஆறு மாதம், அதாவது 30,000 ரூபாய் போச்சு. இக்னோவில் சேர்ந்த பிறகுதான் கிரெடிட் மாற்றத்துக்கே விண்ணப்பிக்க முடியும். எனவே முதலில் சேருங்கள். ஒன்றுமே ஏற்கப்படாவிட்டாலும் மூன்று வருடத்தில் முடிப்பேன் என்ற கணக்கில் சேருங்கள். சேரும் முன் இரண்டு உறுதி தேவை. யு.ஜி.சி. தொலைதூரக் கல்விப் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பி.காம் படிப்பும் நீங்கள் சேரும் கல்வியாண்டும் இருக்க வேண்டும். தொலைதூர டிகிரிக்கும் அந்த 16,000 உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அது இல்லையென்றால் மேலே போட்ட கணக்கே மாறிவிடும்.

எந்தச் சேர்க்கை என்பதிலும் யோசனை வேண்டும். ஜூலைச் சேர்க்கை குறுவைச் செலவோடு மோதும்: மேட்டூர் திறந்ததும் உழவு, நாற்று, நடவுக் கூலி என்று கையிருப்பு கரையும் நேரம் அது. அந்த நெருக்கடியில் கூட்டுறவுப் பயிர்க்கடனிலிருந்து எடுத்துக் கட்டணம் கட்டுவதைப் பலர் செய்கிறார்கள். கெடுவுக்குள் திருப்பினால்தான் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை, தவறினால் சலுகை போய்விடும். உங்களுக்கு ஜனவரிச் சேர்க்கையே பொருந்தும். இன்றிலிருந்து மாதம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டு வந்தால் முதல் வருடக் கட்டணத்தில் பெரும்பகுதி சேர்ந்துவிடும். குறைவதைச் சம்பளத்திலிருந்து கொடுங்கள். அடுத்த வருடக் கட்டணத்துக்குச் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டதும் கணக்கில் ஏறும் பணத்திலிருந்து ஒதுக்கிவிடுங்கள்.

எஃப்.டி. மகனின் கல்லூரிக்கு, ஐந்து வருடத்தில் அது தேவைப்படும். முழுத் தொகையும் ஒரே ரசீதில் இருந்தால், முதிரும்போது மூன்று ஐம்பதாயிரமாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்ற இரண்டின் வட்டி குறையாது. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.