வயசானவங்களுக்கான சர்வீஸ், என்ன கலர் வைக்கலாம்?

கேள்வி: கோயம்புத்தூர்ல வயசானவங்க வீட்டுக்கே நர்ஸ் அனுப்புற சர்வீஸ் ஆரம்பிக்கிறோம். அன்பு, நம்பிக்கை ரெண்டும் தெரியணும்னு கேட்டோம், டிசைனர் வெளிர் லேவண்டர்ல இளஞ்சாம்பல் எழுத்து போட்டு குடுத்திருக்கார். இல்ல பேசாம நீலமே வச்சிடலாமா?

பதில்: நீலம்னா நம்பிக்கைன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா எஸ்பிஐ நீலம், எல்ஐசி நீலம், ஃபேஸ்புக்கும் நீலம், அந்தக் கலர் மட்டும் உங்களப் பத்தி என்ன சொல்லிடும்? உங்க போர்டையும் நர்ஸ் கழுத்துல தொங்குற கார்டையும் படிக்கப்போறது யாருன்னு முதல்ல பாருங்க. வயசாக ஆக கண்ணுல இருக்கற லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளிய தடுக்கும், அதனால நீலம், ஊதா எல்லாம் மங்கும், அடர் நீலமும் கருப்பும் ஒண்ணாவே தெரியும், வெளிர் கலர் மேல வெளிர் எழுத்து சுத்தமா காணாமப் போயிடும். வாசல்ல நிக்கறது யாருன்னு ஒரு பாட்டியால படிக்க முடியலன்னா அங்க அன்பும் இல்ல நம்பிக்கையும் இல்லங்க, இத நான் ரொம்ப அழுத்தியே சொல்றேன்.

வெப் டிசைன்ல டபிள்யூசிஏஜி-னு ஒரு விதிமுறை இருக்கு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைஞ்சது 4.5:1 இருக்கணும்ங்குது. உங்க லேவண்டர்-சாம்பல் ஜோடி அனேகமா 3-ஐக்கூட தொடாது, ஆன்லைன்ல இலவசமா செக் பண்ணலாம். என்னைக் கேட்டா அடர் அரக்கு, கூட சந்தன வெள்ளை. கான்ட்ராஸ்ட் 10 பக்கம் வரும், பட்டுப்புடவைல பாத்துப் பழகின கலருங்கறதால ஆஸ்பத்திரி வாடையும் இருக்காது. லேவண்டர விட மனசில்லன்னா பின்னணியா மட்டும் வச்சுக்கிட்டு எழுத்த நல்ல அடர் கலருக்கு மாத்துங்க.

அரக்கு பக்கத்துல கருப்புப் பட்டை மட்டும் வேணாம், நம்ம ஊர்ல கட்சிக்கொடி ஞாபகம் வந்துரும். வெள்ளைல சிவப்பு கூட்டல் குறியும் கூடவே கூடாது, அது செஞ்சிலுவைச் சின்னம், 1960 ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அரசு அனுமதி இல்லாம யாரும் போடக்கூடாது, டாக்டரே போடக்கூடாது.

ஸ்க்ரீன்ல பாத்த கலர் ஃப்ளெக்ஸ்ல வேற மாதிரி வரும், யூனிஃபார்ம் துணில இன்னும் வேற, அதனால டிசைனர்கிட்ட பான்டோன் நம்பரும் (கலருக்குன்னு இருக்கற பொதுவான நம்பர்) சிஎம்ஒய்கே அளவும் (பிரின்ட்ல நாலு மையையும் எந்த அளவுல கலக்கணும்ங்கறது) எழுதி வாங்கிக்கங்க. ஃபைனல் பண்றதுக்கு முன்னாடி கார்ட ஒரு தாள்ல பிரின்ட் போட்டு, அதயே கருப்பு வெள்ளைல ஒரு ஜெராக்ஸும் எடுத்து, சாயங்கால வெளிச்சத்துல வீட்டுப் பெரியவங்ககிட்ட குடுத்து படிக்கச் சொல்லுங்க, தடுமாறினா டிசைனருக்கு திருப்பி அனுப்பிடுங்க.